வெளியே 106, உள்ளே 98.6

சித்திரை பிறந்துவிட்டால் மாலைச் செய்தியில் வேலூர் பெயர் வராத நாள் அரிது. "வேலூரில் வெயில் சதமடித்தது" என்பார்கள். சில நாள் திருத்தணி முந்திக்கொள்ளும், சில நாள் கரூர் பரமத்தி. ஆனால் அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் 104, 106, 108 என்று ஏதாவது ஒரு எண் நம் ஊர்க் கணக்கில் ஏறிவிடும். வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் பழைய கேலியில் 'தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை' என்று வருமே, இந்த எண்களுக்குப் பாதி விளக்கம் அதிலேயே இருக்கிறது. மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் திருப்பிக் கொடுக்கின்றன. சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று இங்கே வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

உலகம் செல்சியஸுக்கு மாறினாலும் நாம் இன்னும் வெயிலைப் பாரன்ஹீட்டில்தான் பேசுகிறோம். அதில் ஒரு வசதி இருக்கிறது. உடம்பின் உள்வெப்பம் 98.6. தோலின் வெப்பம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, கோடையில் 95ஐ ஒட்டி இருக்கும். வெப்பம் எப்போதுமே சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். வெளியே 85 இருக்கும்வரை உடம்பு தன் சூட்டைக் காற்றுக்குச் சும்மாவே கொடுத்துவிடலாம். 95ஐத் தாண்டினால் கதை தலைகீழ். காற்றிலிருந்து சூடு நமக்குள் வரத் தொடங்குகிறது. செய்தியில் சதம் என்று அறிவிக்கும் நாள், காற்று நம் உடம்பைவிடச் சூடாகிவிட்ட நாள்.

அந்த நாளிலும் கட்டிலில் நிழலில் படுத்திருப்பவரின் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தால் 98, 99 என்றுதான் காட்டும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சாதாரணமில்லை என்று தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு மணிக்கு 70, 80 கிலோ கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. 60 கிலோ எடையுள்ள உடம்பைச் செல்சியஸில் 1 டிகிரி சூடேற்ற சுமார் 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கு ஒன்றரை டிகிரி ஏறிக்கொண்டிருக்கும். காலை டிபனுக்கு 37 செல்சியஸில், அதாவது அதே 98.6இல், இருப்பவர் மதியச் சாப்பாட்டுக்குள் 42ஐத் தாண்டிவிடுவார். செங்கல் சுமப்பவருக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது.

தப்பிக்க வைப்பது வியர்வை ஒன்றுதான். காற்று சூடாகிவிட்ட பிறகு வேறு எந்த வழியும் பலிக்காது. நம் தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்கு வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போய்விடும். இங்கே 'ஆவியானால்' என்பதுதான் முக்கியம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை, தண்ணீர் நஷ்டம் மட்டுமே.

இதை 250 வருஷத்துக்கு முன்பே ஒருவர் தன் உடம்பை வைத்தே சோதித்துப் பார்த்தார். சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1774இல் லண்டனில் அடுப்பு மூட்டிச் சூடேற்றிய அறைகளுக்குள் நண்பர்களோடு போய் நின்றார். படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய் கடைசியில் 260 டிகிரி பாரன்ஹீட் வரை போனார்கள். நாம் 108க்கு முணுமுணுக்கிறோம். கடிகாரச் சங்கிலியைக் கையால் தொட முடியவில்லை. உள்ளே வைத்த முட்டை வெந்தது, மாட்டிறைச்சித் துண்டும் வெந்தது. பக்கத்தில் நின்ற மனிதருடைய உள்வெப்பம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. காற்றில் ஈரம் சேர்ந்தபோதோ மிகக் குறைந்த சூட்டையே தாங்க முடியவில்லை என்பதையும் கவனித்தார்கள். செத்த இறைச்சிக்கும் உயிருள்ள சதைக்கும் அந்த அறையில் இருந்த வித்தியாசம், உள்ளேயிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த நீரும், அது ஆவியாக இடம்கொடுத்த காய்ந்த காற்றும்தான்.

சென்னையிலிருந்து மே மாதம் வேலூருக்கு வருபவர்கள் "இங்க வெயில் அதிகம்தான், ஆனா புழுக்கம் இல்லை" என்று சொல்வது இதனால்தான். சென்னையில் வியர்வை வழிகிறது, சட்டை ஒட்டுகிறது, எரிச்சலாக இருக்கிறது. இங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுகிறது. உடம்பு குளிர்வதற்கு இது நல்லது. இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் போனது என்று போகிறவருக்கே தெரியாது. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்புதான் சாட்சி.

உடம்பின் சமநிலை பற்றிய பாடத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கும்போது, எல்லாமே அதனதன் இடத்தில் அசையாமல் நிற்பதுபோல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. வெப்பம் 37 செல்சியஸ், ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை, அமில-காரத்தன்மை (pH) 7.35 முதல் 7.45 வரை, வெறும் வயிற்றுச் சர்க்கரை 70 முதல் 100. லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சடித்திருக்கும் இந்த எல்லைகளைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட், உடம்புக்குள் ஒரு தனிச் சூழல் இருக்கிறது, அது மாறாமல் இருப்பதால்தான் வெளியுலகம் எப்படி மாறினாலும் நம்மால் நடமாட முடிகிறது என்றார். 1920களில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் அதற்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயர் வைத்தார். இரண்டுமே சரிதான். ஆனால் வேலூர் வெயிலில் நின்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற உடம்பால் முடிவதில்லை. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது. எதை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதில் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது.

சத்துவாச்சாரி பக்கம் எங்கேயோ வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு சித்தாள் கலவை சுமக்கிறார். 45 வயது, 50 கிலோ எடை. பத்தரை மணிக்குள் காற்று 95ஐத் தாண்டிவிட்டது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் தன்னைக் கடந்து போகும் ரத்தத்தின் சூட்டையும், தோலிலிருந்து வரும் செய்தியையும் சேர்த்துப் பார்த்து, தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. குளிர்ந்த வேளையில் தோலுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகப் போகும் ரத்தம், கடும் வெயிலில் 7, 8 லிட்டர் வரைக்கும் போகலாம். ஓய்வில் இருக்கும்போது இதயம் மொத்தமாகவே நிமிஷத்துக்கு 5 லிட்டர்தான் தள்ளுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று புரியும். இதயம் வேகமாக அடிக்கிறது. அதுவும் போதாமல், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தத்தை உடம்பு வெட்டிவிடுகிறது. வெயிலில் வேலை செய்தவர்களுக்கு மதியம் சோறு இறங்காது, வயிற்றைப் புரட்டும். குடலுக்கு ரத்தம் குறைந்துபோனது அதற்கு ஒரு காரணம்.

பதினொரு மணிக்கு அவர் மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று வியர்த்துக்கொண்டிருக்கிறார். வியர்வையில் உப்பு இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது, மிச்சமிருக்கும் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. உடம்பு இதைப் பொறுத்துக்கொள்ளவே செய்யாது. ஏன் என்று புரிய ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு வரும் பச்சைத்தோலைப் பார்க்க வேண்டும். உரித்த தோல் கெட்டுப்போகாமல் இருக்க அதன்மேல் உப்பைக் கொட்டி அடுக்குவார்கள். உப்பு தோலுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும், தோல் விறைத்துவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளைச் செல்களுக்கும் இதே கதிதான்: உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டுச் சுருங்கும். சோடியம் குறைந்தாலோ நீர் உள்ளே புகுந்து வீங்கும். மூளை கெட்டியான மண்டையோட்டுக்குள் இருப்பதால் வீங்க இடமும் கிடையாது.

அதனால் இந்த ஒரு விஷயத்தில் காவல் ரொம்பக் கடுமை. ரத்தத்தின் செறிவு 1, 2 சதவீதம் ஏறினாலே ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்து, பக்கத்திலேயே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக வாசோபிரஸின் என்ற ஹார்மோனை விடுகிறது. அது சிறுநீரகத்துக்குப் போய் 'தண்ணீரை விடாதே' என்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் தாகம் எடுக்கிறது. நமக்குத் தாகம் எடுக்கும் முன்பே சிறுநீரகம் சிக்கனத்தைத் தொடங்கியாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. வாசோபிரஸின் முழு வேகத்தில் இருந்தால் அந்த ஒன்றரை லிட்டரும் அரை லிட்டருக்குச் சுருங்கும். அதற்குக் கீழே போக முடியாது, கழிவைக் கரைத்து வெளியேற்ற அவ்வளவாவது வேண்டும். மதியம் அவருக்குச் சிறுநீர் அடர்மஞ்சளாக, கொஞ்சமாக, எரிச்சலோடு போகிறது. நீர்க்கடுப்பு, 'சூடு பிடிச்சுக்கிச்சு' என்பார். காய்ச்சல் இருக்காது. உள்வெப்பத்தை 37இல் நிறுத்துவதற்காக உடம்பு செலவழித்த தண்ணீரின் பாக்கி சிறுநீரில் தெரிகிறது, அவ்வளவுதான்.

இங்கே உடலியல் புத்தகத்தில் இல்லாத ஒரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் பெண்களுக்குக் கழிவறை பெரும்பாலும் இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஹைப்போதலாமஸ் சரியாகத்தான் தாகத்தை அனுப்புகிறது, அவர்தான் அதை அடக்கிக்கொள்கிறார். இப்படித் தினமும் சிறுநீரகத்துக்கு ரத்தமும் குறைந்து, தண்ணீரும் குறைந்து, வருஷக்கணக்கில் போனால் என்ன ஆகும்? எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழப்பது பல வருஷங்களாகப் பதிவாகியிருக்கிறது. வெயிலில் திரும்பத் திரும்ப வற்றிப்போவது அதற்கு முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. உள்வெப்பம் காப்பாற்றப்பட்டது, சோடியம் காப்பாற்றப்பட்டது, மூளை பிழைத்தது. செலவெல்லாம் சிறுநீரகத்தின் தலையில் விழுந்தது.

சரி, தண்ணீர் நிறையக் குடித்தால் தீர்ந்ததா? பாதிதான். "தண்ணி தண்ணியா குடிக்கிறேன் மேஸ்திரி, அப்பவும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, தலை சுத்துது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வியர்வையோடு போனது தண்ணீரும் உப்பும். உள்ளே போனது வெறும் தண்ணீர். இப்படி மணிக்கணக்கில் போனால் ரத்தத்தில் சோடியம் 135க்குக் கீழே இறங்கும். லேசாக இறங்கினால் தலைவலி, வாந்தி. 120ஐ நெருங்கினால் குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். நாள் முழுக்க வேர்க்க வேர்க்க உழைப்பவருக்கு 'தண்ணி குடி' என்று மட்டும் சொல்வது அரைகுறை அறிவுரை.

கூழ் விற்கும் தள்ளுவண்டியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, மறுநாள் மோர் விட்டு உப்புப் போட்டுக் கரைத்து, வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறார்கள். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில். இந்த மூன்றும் சேர்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிறுகுடலின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தேதான் உள்ளே எடுக்கும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960இல் ராபர்ட் கிரேன் இந்த வழியை விளக்கினார். வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் பிறந்ததே இதிலிருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் மாற்றிய அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். சர்க்கரை ருசிக்காகப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் உப்பு உள்ளே ஏறுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தக் கதையில் வேலூருக்கே ஒரு பங்கு இருக்கிறது. காலராவில் பெருங்குடல் வழியாகவும் தண்ணீரை மீட்க முடியுமா என்று இங்கிருக்கும் சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்தார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவை ஓஆர்எஸ்ஸோடு கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாவு அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள் பெருங்குடல் சுவர் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுகின்றன. வயிற்றுப்போக்கின் அளவும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியானது. நம் சமநிலையைப் பிடித்து வைத்திருக்கும் வேலையில் நம்முடையதே அல்லாத கிருமிகளுக்கும் கூலி கொடுக்காத பங்கு இருக்கிறது என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம். இதை வைத்துக் கூழும் ஓஆர்எஸ்ஸும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்கு அளந்து செய்த ஓஆர்எஸ்தான் வேண்டும். வெயிலில் உழைத்து வந்தவருக்கு, குளிர்ந்த கலர் பாட்டிலைவிட உப்புப் போட்ட கூழும் நீர்மோரும் நியாயமான தேர்வு. அவ்வளவு வரை தைரியமாகச் சொல்லலாம்.

வெயிலுக்கு உடம்பு பழகுமா? பழகும், ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்திடம் மட்டுமல்ல, வியர்வைச் சுரப்பியிடமும் 'உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்' என்கிறது. பழகாத உடம்பின் ஒரு லிட்டர் வியர்வையில் 3 கிராமுக்கு மேலும் உப்பு போகலாம்; பழகிய உடம்பில் அது 1 கிராம் அளவுக்கு இறங்கும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும். ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும், அதனால் இதயம் முன்போலத் திணறாது. நாலு வாரம் ஏசியில் இருந்துவிட்டால் பெரும்பாலும் பழகியதெல்லாம் போய்விடும்.

காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு கூட்டம் நினைவுக்கு வரும். மேற்கு வங்கம், வங்கதேசம், வடகிழக்கு மலைப்பகுதிகளிலிருந்து சிஎம்சி சிகிச்சைக்காகக் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள். நோயாளியை எல்லோரும் கவனிப்பார்கள். கூட வந்த அண்ணனோ மனைவியோ ஸ்கேனுக்கும் பில்லுக்கும் மருந்துக்குமாக மே மாத மதியத்தில் அலைவார்கள். மலைக்குளிரிலிருந்து வந்த உடம்பு இந்த வெயிலுக்குப் பழக முதல் ஒரு வாரமாவது கேட்கும். ஆஸ்பத்திரி வேலையோ முதல் நாளே தொடங்கிவிடும்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தும் ஒரு கட்டத்தில் வெப்பமும் கையை விட்டுப் போகும். அதைக் காய்ச்சலோடு குழப்பிக்கொள்வதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. காய்ச்சலில் உடம்பு தோற்கவில்லை. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் அனுப்பும் செய்தியால் ஹைப்போதலாமஸில் ப்ராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, இலக்கையே 37இலிருந்து 39க்கு உயர்த்திவிடுகிறது. அப்போது 37இல் இருக்கும் உடம்பு தன்னைக் குளிர்ந்துபோனதாக நினைத்து நடுங்கும். நல்ல வெயிலில் போர்வை கேட்கும் குளிர்ஜுரம் இதுதான். பாராசிட்டமால் ப்ராஸ்டகிளாண்டினைக் குறைத்து இலக்கைக் கீழே இறக்குகிறது, உடனே வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விடுகிறது. வெயில் தாக்கி மயங்கியவருக்கோ இலக்கு 37இலேயேதான் இருக்கிறது. அதைப் பிடிக்க முடியாமல் உடம்பு 40ஐத் தாண்டிப் போய்விட்டது. அவருக்குப் பாராசிட்டமால் கொடுத்து ஒரு பயனும் இல்லை, கல்லீரலுக்குத் தொந்தரவுதான் மிச்சம். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நினைவு தப்பினாலோ, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும்வரை நிழலில் போட்டு, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

அந்த 37ம் கல்லில் பொறித்த எண் இல்லை. விடியற்காலையில் அரை டிகிரி குறைந்திருக்கும், சாயங்காலம் ஏறியிருக்கும். பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பின்பாதியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சாயங்காலம் 99 காட்டியதற்காகக் குழந்தைக்கு மருந்து ஊற்றுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் கணக்கே வேறு. முதுமையில் தாகம் மழுங்கிவிடுகிறது. தண்ணீர் குறைந்திருந்தும் 'எனக்கு வேணாம்பா' என்பார் தாத்தா. ரத்தச் சர்க்கரை 180ஐ ஒட்டித் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுதாகத் திரும்ப எடுக்க முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆக, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை உள்ளவர் மே மாதத்தில் தோல் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் ஒரே நேரத்தில் வற்றுகிறார். சில பிரஷர் மாத்திரைகளின் வேலையே உப்பையும் நீரையும் வெளியேற்றுவது. இன்னும் சில, ரத்தம் குறைந்த நேரத்தில் சிறுநீரகம் தன் வடிகட்டலைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடும். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. வாந்தி, பேதி, கடும் வெயில் அலைச்சல் இருக்கும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையையும் தாங்கும் சிறுநீரகம் முழுதாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரைவிட நன்றாக அறிந்த ஊர்கள் இந்தியாவில் குறைவு. நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் சிஎம்சியில்தான் நடந்தது. அதற்கு 17 வருஷம் முன்பு, 1954இல், அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரி இரட்டைச் சகோதரர்களிடையே உலகில் முதல்முறையாக வெற்றி கண்டிருந்தார். மாற்று கிடைக்காதவர்களுக்கு, ரத்தத்தை இயந்திரத்தின் வழியே விட்டுச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1943இல், போர்க்காலத்தில், கைக்குக் கிடைத்த பொருள்களை வைத்து அந்த இயந்திரத்தின் முதல் வடிவத்தைச் செய்தார். இன்றைய இயந்திரம் எவ்வளவோ மேம்பட்டது. ஆனாலும் இரண்டு சிறுநீரகம் வாரம் முழுக்க, 168 மணி நேரமும் இடைவிடாமல் செய்யும் வேலையை அது வாரத்துக்கு 8 அல்லது 12 மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறது. இடைப்பட்ட நாட்களில் காவல் கிடையாது.

அந்த நாட்களில், வேலூர் வெயிலில் ஒரு டயாலிசிஸ் நோயாளி எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் செய்துவந்த வேலையின் பட்டியல் கிடைத்துவிடும். பொதுவாக அவருக்கு அனுமதி, ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறதோ அதோடு அரை லிட்டர் நீர்தான். சாம்பார், ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வியர்த்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குடித்தது அதிகமானால் அடுத்த முறை எடை பார்க்கும்போது தெரிந்துவிடும். ஒரு கிலோ ஏறியிருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். உப்பு தின்றால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் குடிக்கத் தோன்றும். அதனால் ஊறுகாயும் கருவாடும் கிடையாது. எல்லாவற்றையும்விட எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இளநீரிடம். ஒரு இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். செல்களுக்கு வெளியே, ரத்தத்தையும் சேர்த்து, உடம்பில் இருக்கும் மொத்தப் பொட்டாசியமே 2, 3 கிராம்தான். நம் சிறுநீரகம் கூடுதலானதைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும், நமக்கு அது தெரியவே தெரியாது. வியர்வையிலோ பொட்டாசியம் மிகக் குறைவாகத்தான் போகும், எவ்வளவு வேர்த்தாலும் அந்த வழி உதவாது. ரத்தத்தில் அது 6.5ஐத் தாண்டினால் இதயத்தின் துடிப்பே தாறுமாறாகலாம். அதனால்தான் ரோட்டோரக் குவியலைக் காட்டி "ஒண்ணு குடிச்சா என்ன டாக்டர், உடம்புக்குக் குளிர்ச்சிதானே" என்று கேட்பவரிடம் டாக்டர்கள் கொஞ்சமும் இறங்கிவருவதில்லை. தாகம் தாங்கவில்லையென்றால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், அந்த ஐஸையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் எழுதச் சொல்கிறார்கள்.